எந்தக் கேமரா என்ற நிபந்தனையை நீக்குங்கள்: நீலகிரிப் புகைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மலையில் இயங்கும் புகைப்படச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், போட்டிகளையும் பயிற்சி முகாம்களையும் நடத்தும் குழுவினருக்கும், நடுவர்களாக வந்து அமரும் மூத்த கலைஞர்களுக்கும் பணிவான வணக்கம்.

குன்னூரில் இருந்துகொண்டு திருமணப் படங்களும் மலைக்காட்சிகளும் எடுத்துப் பிழைப்பு நடத்துபவன் நான். இந்த ஆண்டுப் போட்டிக்காக ஒரு சங்கம் வெளியிட்ட அறிவிப்பில், மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே கண்ணாடி இல்லாமல், திரையில் பார்த்து எடுக்கும் புதிய வகை) எடுத்த படங்கள் மட்டுமே ஏற்கப்படும் என்றும், 40 மெகாபிக்சலுக்குக் குறைந்த படங்களும் பிலிமிலிருந்து ஸ்கேன் செய்த படங்களும் தள்ளுபடி செய்யப்படும் என்றும் புதிதாக ஒரு விதி சேர்ந்திருக்கிறது. விடுதிகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் கொடுக்கப்படும் பரிந்துரைப் பட்டியலில் பெயர் வரவும் இதே நிபந்தனை வைக்கப்படும் என்று உறுப்பினர்களிடையே பேச்சு இருக்கிறது. மற்றச் சங்கங்களும் இதைப் பின்பற்ற யோசிப்பதாகக் கேள்விப்பட்டதால்தான் ஒரு சங்கத்துக்குக் கடிதம் எழுதாமல் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். ஒருவர் எந்தக் கருவியைக் கையில் எடுத்து வேலை செய்கிறார் என்பது அவருடைய கண்ணும் கையும் பழக்கமும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டியது. அதில் சங்கம் தலையிடலாகாது என்பதே என் கோரிக்கை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புதிய கேமராக்கள் தந்திருக்கும் நன்மைகளை நான் மறுக்கவில்லை. லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளிருக்கும் கண்ணாடி நேரடியாகக் கண்ணுக்குக் காட்டும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸை அளக்கும் பகுதி ஒன்று, படத்தைப் பதியும் சென்சார் வேறொன்று. இரண்டுக்கும் இடையே மயிரிழை வேறுபாடு இருந்தாலும் மணமகளின் கண்ணில் நிற்க வேண்டிய கூர்மை காதோரத்துக்கு நகர்ந்துவிடும். லென்ஸுக்கு லென்ஸ் உட்கார்ந்து திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. மிரர்லெஸ் கேமராவில் சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. சோலைக்காட்டின் இருட்டில் உட்கார்ந்திருக்கும் கருமந்தியின் கரிய முகத்தில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் திறனும், சத்தமே இல்லாமல் படம் எடுக்கும் வசதியும் காட்டுயிர்ப் படக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். மண்டபங்களில் எல்இடி விளக்குச் சுவர்கள் வந்தபிறகு எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழுவதைத் திருமணப் படக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதால் வரும் கோளாறு அது. சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு 2023-இல் அறிவிக்கப்பட்டபோது, அந்தக் கோளாறுக்கும் வழி பிறந்தது. இவற்றை வாங்க முடிந்தவர்கள், வேண்டியவர்கள் வாங்கட்டும். அவர்களுடைய படங்களைக் கண்டு மகிழ்கிறவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் நம் மலையின் வெளிச்சம் வேறு வகையானது, அதில் வேலை செய்யும் முறைகளும் வேறு வேறு. பேரகணியில் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் திருவிழாவின்போது வெள்ளை உடுத்திய ஆயிரக்கணக்கான மக்கள் மூடுபனிக்குள் நடந்து வருவதைப் படம் எடுக்க முயன்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வெள்ளை ஆடை, வெள்ளைத் தலைப்பாகை, பின்னால் வெள்ளைப் பனி. கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுச்சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும் இயல்புடையது. அதன் போக்கில் விட்டால் அத்தனை வெள்ளையும் அழுக்கேறிய சாம்பலாகிவிடும். ஒன்று முதல் ஒன்றே முக்கால் ஸ்டாப் வரை எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, உயர்த்த வேண்டும் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது). எவ்வளவு உயர்த்துவது என்பது பனியின் அடர்த்தியைப் பொறுத்தது, அடர்த்தியோ நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மிரர்லெஸ் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு திரையான எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் அந்த மாற்றத்தைப் படம் எடுக்கும் முன்பே காட்டிவிடுகிறது. புதிதாகக் கற்பவருக்கு இது மிகப்பெரிய உதவி, இதை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது.

எனக்கோ கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தைப் பார்த்தால்தான் கை ஓடுகிறது. எலக்ட்ரானிக் வியூஃபைண்டரில் தெரிவது கேமரா தன் கணக்குப்படி செய்து காட்டும் ஒரு சிறு திரைப் படம். பனிக்குள் மங்கலாகத் தெரியும் மூன்றாவது வரிசை மனிதர்கள் அந்தத் திரையில் சில நேரம் வெளிறி மறைந்துவிடுவார்கள், அல்லது பனியே இல்லாததுபோல அழுத்தமாகத் தெரிவார்கள். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடிப் ப்ரிஸத்தின் வழியே பார்க்கும்போது எனக்கும் காட்சிக்கும் நடுவே வேறு எந்தத் தீர்ப்பும் இல்லை. எவ்வளவு வெளுக்க விடலாம் என்பதை நான் முடிவு செய்கிறேன். விடியலுக்கு முன் தொட்டபெட்டாவிலோ கோடநாட்டுக் காட்சிமுனையிலோ நிற்கும்போது இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணை ஒளிரும் திரையில் வைத்து எடுத்தால், திரும்ப மலையைப் பார்க்கையில் சிறிது நேரம் ஒன்றும் தெரியாது. அந்தச் சிறிது நேரத்தில்தான் பள்ளத்தாக்கில் கிடக்கும் மேகம் அசையத் தொடங்குகிறது. திரையின் ஒளியைக் குறைத்துக்கொள்ளலாமே என்பார்கள். குறைத்துக்கொண்டு நன்றாக வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். என் கண்ணுக்கு அது ஒத்துவரவில்லை. இதில் வாதம் செய்து ஒருவரை ஒருவர் வெல்ல ஏதுமில்லை.

ஃபோகஸ் விஷயமும் அப்படித்தான். எந்த ஆட்டோஃபோகஸும் ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான விளிம்பைத் தேடியே வேலை செய்கிறது. அடர்ந்த பனியில் விளிம்பே இல்லாதபோது பழைய கேமராவும் புதிய கேமராவும் சேர்ந்தே தடுமாறும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறிவரும் மலை ரயிலை, பனி இறங்கிய காலையில் எடுத்துப் பாருங்கள். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும் நீராவி இஞ்சின் வெண்புகை கக்கும், சுற்றிலும் வெண்பனி. ஃபோகஸ் புகையைப் பிடிக்கும், பனியைப் பிடிக்கும், முன் பெட்டியின் வாசலில் கொடியுடன் நிற்கும் ஊழியரைப் பிடிக்காது. என் பழைய மேனுவல் லென்ஸின் மேல் தூர அளவு பொறிக்கப்பட்டிருக்கிறது; வளையத்தைத் திருப்பினால் முடிவிலியில், அதாவது மிகத் தொலைவுக்கான அளவில், அது தடுத்து நிற்கிறது. 24 மி.மீ. லென்ஸில் துளை அளவை எஃப்/11 வைத்து ஒன்றே முக்கால் மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ ஒரு மீட்டருக்குச் சற்று முன்னிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைத்துவிடும். அதன்பின் ஃபோகஸை மறந்துவிட்டு வளைவில் ரயில் தலைகாட்டும் கணத்துக்காக மட்டும் காத்திருக்கலாம். செங்குத்தான ஏற்றத்தில் அந்த ரயில் மணிக்குப் பத்துச் சொச்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் வருகிறது, அவசரமே இல்லை. மிரர்லெஸ் கேமராக்களுக்கென்று வந்த லென்ஸ்கள் பலவற்றில் வளையம் வெறும் மின் கட்டளையை அனுப்புகிறது. தூர அளவும் இல்லை, தடுப்பும் இல்லை. பழைய லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்பது உண்மை. நானும் நண்பரின் கேமராவில் மாட்டிப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. கேட்பது ஒன்றுதான்: லென்ஸும் முறையும் பழையவையாகவே இருக்க, பின்னால் மாட்டும் பாடி மட்டும் புதியதாக இருந்தால்தான் படம் போட்டிக்குத் தகுதி பெறும் என்றால், அந்த விதி எதை அளக்கிறது?

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரி விடியலில் தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அந்தக் குளிரில் எந்த பேட்டரியும் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2017-இல் வந்த நிக்கான் டி850 ஒரு முறை சார்ஜ் செய்தால் 1840 படங்கள் எடுக்கும் என்று ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் அளவுமுறை சொல்கிறது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்திடமிருந்து, அதே வகை பேட்டரியோடு வந்த இசட்7-க்கு அதே அளவுமுறை சொல்லும் எண்ணிக்கை 330. நடைமுறையில் இதைவிட அதிகம் எடுக்கலாம், பின்னர் வந்த கேமராக்களில் நிலைமை தேறியும் இருக்கிறது. இருந்தாலும் திரை எரிந்துகொண்டே இருந்தால்தான் பார்க்கவே முடியும் என்ற அமைப்புக்கும், அணைத்து வைத்திருந்தாலும் கண்ணை வைத்துப் பார்க்க முடிகிற அமைப்புக்கும் உள்ள வேறுபாடு, அப்பர் பவானிப் பக்கம் மின்சாரம் இல்லாத இடத்தில் நாள் முழுக்க நிற்பவருக்குச் சிறியதன்று. கம்பளிக் கையுறையோடு தொடுதிரையில் மெனு தேடுவதும் கடினம். விரலுக்குத் தெரிந்த இடத்தில் ஒரு திருகு (டயல்) இருந்தால் பார்க்காமலே திருப்பிவிடலாம். கேமரா நிறுவனங்களே இதை உணர்ந்திருப்பதால்தான் 2023-இல் வந்த நிக்கான் இசட்எஃப் போன்ற மிரர்லெஸ் கேமராக்களின் தலையில் ஷட்டர் வேகத்துக்கும் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ-வுக்கும் மீண்டும் உலோகத் திருகுகள் வந்து அமர்ந்திருக்கின்றன.

இனி, அந்த 40 மெகாபிக்சல். நம் போட்டிகளில் சுவரில் மாட்டப்படுவது 12×18 அங்குல அச்சு. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்தால் 3600-க்கு 5400, அதாவது 19.4 மெகாபிக்சல் போதும். பத்தாண்டுகளுக்கு முன் வந்த 24 மெகாபிக்சல் கேமராக்களே இதைத் தாண்டிவிடுகின்றன. நடுவர்கள் முதல் சுற்றில் ப்ரொஜெக்டரில் பார்ப்பது முழு எச்டி என்றால் அதன் அளவு இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். நான்கு கே என்றாலும் ஒன்பதைத் தொடாது. அச்சிலும் தெரியாத, திரையிலும் தெரியாத ஒரு வேறுபாட்டுக்காக ஒரு படத்தைப் பார்க்காமலேயே தள்ளுவதற்கு என்ன நியாயம் இருக்க முடியும் என்று பலமுறை யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. இந்த விதிப்படி பார்த்தால் புதிய மிரர்லெஸ் கேமராக்களிலேயே பாதிக்கு மேல் வெளியே நிற்கும். 24 மெகாபிக்சல் சென்சாரோடு வரும் அந்த நிக்கான் இசட்எஃப்-பும்கூட.

பிலிமை விலக்கியிருப்பதுதான் எல்லாவற்றையும்விட என்னை வருத்துகிறது. இது ஊட்டி. 1960-இல் தொடங்கப்பட்டு 1967-இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இந்த மலையில்தான் நடந்தது; தூசி குறைந்த காற்றும் குளிரும் பிலிம் தயாரிப்புக்கு ஏற்றவை என்பதால்தான் இங்கே வந்தது. ‘இந்து’ பிலிம் ரோலில் படம் கற்றுக்கொண்ட தலைமுறையும், இருட்டறையில் நின்று பிலிமில் எமல்ஷன் என்னும் ஒளியுணரும் கலவையைப் பூசி ஓய்வு பெற்றவர்களின் குடும்பங்களும் இந்து நகரிலும் அதைச் சுற்றிலும் இன்னும் இருக்கின்றன. இறக்குமதி பிலிமின் போட்டியிலும் கடன் சுமையிலும் 1990-களிலேயே அந்தத் தொழிற்சாலை நலிந்துவிட்டது. பின்னால் வந்த டிஜிட்டல், எழுந்து நிற்கும் வாய்ப்பையும் எடுத்துக்கொண்டது. அதற்காகக் காலத்தைத் திருப்ப முடியாது. ஆனால் நாட்டுக்கே பிலிம் செய்து கொடுத்த ஊரில், பிலிமில் எடுத்த படத்துக்கு இடமில்லை என்று நம் சங்கமே எழுதி ஒட்டுவது சரியாக இல்லை. உலகில் பிலிம் அழிந்துவிடவும் இல்லை. பென்டாக்ஸ் பெயரில் 2024-இல் புதிதாக ஒரு பிலிம் கேமராவே வெளிவந்தது.

இந்த மலையின் புகைப்பட வரலாறும் கருவியைப் பார்த்து ஆளை அளந்ததில்லை. முதுமலை யானைகளைப் படம் எடுத்த மா. கிருஷ்ணனை எண்ணிப் பாருங்கள். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். வண்ணப் படங்கள் எங்கும் பரவிய பின்னரும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான கருவியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தார். அவர் காலத்தில் கடையில் கிடைத்த எந்தப் பட்டியலிலும் இல்லாத கேமரா அது. இன்றைய விதியோடு அவருடைய படம் ஒன்று நம் மேசைக்கு வந்திருந்தால், உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருப்போம்.

இளைஞர்கள் பக்கத்தையும் நிர்வாகிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். கோத்தகிரிப் பக்கத்துத் தம்பி ஒருவர் அறிவிப்பைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். டிஎஸ்எல்ஆர் பாடி ஒன்றும், பல மாதம் காசு சேர்த்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய அருமையான 85 மி.மீ. லென்ஸ் ஒன்றும் வைத்திருக்கிறார். “அண்ணா, பாடி மாத்தாம பேர் குடுக்கவே முடியாதா?” என்று கேட்டார். முடியாது போலிருக்கிறது என்றேன். அடுத்த வாரம் லென்ஸை விற்றுவிட்டுத் தவணையில் ஒரு மிரர்லெஸ் பாடியும், அதோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸும் வாங்கிவிட்டார். அவர் எடுத்த உருவப்படங்களில் பின்னணி கரைந்துபோகும் அழகு இப்போது இல்லை. மண்டப வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ-வை ஏற்றி ஏற்றி எடுக்க வேண்டியிருக்கிறது. மாதத் தவணையோ சீசன் இல்லாத மாதங்களிலும் கட்டியாக வேண்டும். நல்ல லென்ஸை விற்றுப் புதிய பாடி வாங்கு என்று எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுக்க மாட்டார். நம் விதி அதைத்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பயிற்சி முகாம்களில் விற்பனையாளர்கள் புதிய கேமராக்களைக் கொண்டுவந்து காட்டுவதில் தவறில்லை. முகாமின் காலை நேரத்தில் பாதியாவது, கையில் எது இருக்கிறதோ அதைக்கொண்டு பனியில் எப்படி எக்ஸ்போஷர் வைப்பது, மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை ஏறாமல் எப்படிக் காப்பது என்பதற்கு ஒதுக்கினால், கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அது ஆண்டு முழுவதும் உதவும்.

விதி வேண்டும் என்றே நானும் சொல்கிறேன், ஆனால் வேறு இடத்தில். இன்றைய கேமராக்களும் செல்போன்களும் பல படங்களை அடுக்கிச் சேர்த்து, பனியை விலக்கி, மங்கலான இடத்தில் இல்லாத நுணுக்கத்தை ஊகித்து நிரப்பித் தருகின்றன. ஷட்டரை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய படங்களையும் சேமிக்கும் வசதி வந்திருக்கிறது. பறவை கிளம்பியதைப் பார்த்தபின் அழுத்தினாலும் அது கிளம்பிய கணம் கிடைத்துவிடும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நொடிக்கு 120 படம் எடுத்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலைமுறைதான். எனக்கு ஒரு படத்துக்காகக் காத்திருப்பதில் மனம் நிறைகிறது, இன்னொருவருக்கு இரவில் உட்கார்ந்து தேர்வு செய்வதில் நிறையலாம். நடுவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றே: படத்தில் இருப்பது அந்த இடத்தில் இருந்ததா என்பது. ஆகவே காட்டுயிர், ஆவணப் பிரிவுகளில் திருத்தம் செய்யாத மூலப் பதிவான ரா கோப்பையோ நெகட்டிவையோ இறுதிச் சுற்றில் காட்டச் சொல்லுங்கள். படத்தில் எதையாவது சேர்த்திருந்தாலும் நீக்கியிருந்தாலும் எழுதித் தரச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பகுதி உள்ள படங்களைத் தனிப் பிரிவில் வையுங்கள். கேமராவின் பெயரையும் மாடலையும் முடிவு அறிவிக்கும்வரை நடுவர்கள் கண்ணில் படாமல் மறைத்துவிடுங்கள். விடுதிகளுக்கான பரிந்துரைப் பட்டியலைப் பொறுத்தவரை, கேமராவின் மாடலுக்குப் பதிலாக உறுப்பினர் கடைசியாக முடித்துக் கொடுத்த ஆல்பங்கள் மூன்றைப் பார்த்து முடிவெடுங்கள். இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகும் வசதி வேண்டும் என்று கேட்டால்கூட அதற்கு நியாயம் உண்டு, ஏனெனில் தாலி கட்டும் நொடியைத் திரும்ப எடுக்க முடியாது.

அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வையுங்கள். அழைத்தால் நான் நேரில் வந்து பேசத் தயார். டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ், பிலிம் மூன்றிலும் எடுத்த 12×18 அச்சுகளைப் பின்புறம் எண் மட்டும் எழுதிக் கொண்டுவருகிறேன். புதிய கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் தங்கள் அச்சுகளையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எது எதில் எடுத்தது என்று குழுவினர் மேசையில் பரப்பிப் பார்க்கட்டும், பிறகு விதியைப் பற்றிப் பேசுவோம். விதி திருத்தப்படுமானால், முன்பே திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்களையும் கட்டணம் கேட்காமல் மீண்டும் ஏற்று, கடைசித் தேதியை இரண்டு வாரமாவது தள்ளி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கோடை சீசன் தொடங்கிவிட்டால் எங்களில் பலருக்கு அச்சுப் போட்டு அனுப்பக் கோவைக்கு இறங்கவும் நேரம் இருக்காது.

இப்படிக்கு,
குன்னூரில் தொழில் செய்யும் ஒரு புகைப்படக்காரன்